சர்ச்சும் வேண்டாம், பரிசும் வேண்டாம் என்றால் கிறிஸ்துமஸுக்கு என்ன செய்வது? மதுரையில் முதல்முறை தொடங்குவோருக்கு

அம்மா இறந்த வருடம், டிசம்பர் 24 ராத்திரி, நரிமேட்டில் எங்கள் தெருவுக்கு கேரல் பாட வந்தவர்கள் எங்கள் வாசலில் நிற்காமல் கடந்து போனார்கள். துக்க வீடு என்ற மரியாதை அது. லைட்டை அணைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். டிரம் சத்தம் அடுத்த தெருவுக்குத் திரும்பும்வரை எனக்கு எழுந்திருக்கவே முடியவில்லை.

நான் கோயிலுக்கு, அதாவது சர்ச்சுக்கு, போவதை நிறுத்தி அதற்குள் பத்து வருடம் ஆகியிருந்தது. யாரோடும் சண்டை இல்லை. நம்பிக்கை மெல்ல மெல்ல விலகிவிட்டது, அவ்வளவுதான். அம்மா இருந்தவரை கிறிஸ்துமஸ் அவர் பொறுப்பு. மாவு இடிப்பதும் நட்சத்திரம் கட்டுவதும் தெருவுக்கே தட்டு அனுப்புவதும் அவர்தான். அவர் போனபிறகு அந்த நாளை என்ன செய்வதென்று தெரியவில்லை. முதல் வருடம் அண்ணன் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் பரிசாக வாங்கிக் குவித்தேன். சாயங்காலம் கூடம் முழுக்க அட்டைப்பெட்டியும் பிளாஸ்டிக் உறையும்தான் கிடந்தன. இரண்டாம் வருடம் ஒரு குழந்தைகள் இல்லத்துக்குப் போய்ப் பெரிய தப்பு செய்தேன். அதைக் கீழே சொல்கிறேன். மூன்றாம் வருடம்தான் வழி பிடிபட்டது.

இப்போது ஒவ்வொரு நவம்பரிலும் யாராவது கூப்பிட்டுக் கேட்கிறார்கள். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து நம்பிக்கை இல்லாமல் போனவர்கள், கிறிஸ்தவப் பெண்ணைக் கட்டிய இந்துப் பையன்கள், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க வீட்டில் தனியாக இருப்பவர்கள். அவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

## 1. நவம்பர் கடைசியில்: ஒரே ஒரு விஷயத்தை எடுங்கள்

ஒரு நோட்டில், உங்கள் வாழ்க்கையில் கிறிஸ்துமஸ் என்றதும் முதலில் வருவது எது என்று எழுதுங்கள். வேத வசனமோ ஷாப்பிங்கோ வேண்டாம். கண்ணில் தெரிகிற, மூக்கில் வருகிற ஒன்று. பக்கத்து வீட்டு மாடியில் எரிந்த காகித நட்சத்திரமாக இருக்கலாம். வகுப்புத் தோழி டிபன் பாக்ஸில் கொண்டுவந்த கேக்காக இருக்கலாம். எனக்கு வந்தது வெல்லப்பாகு வாசனையும், தினத்தாள் போட்டு மூடிய எவர்சில்வர் தட்டுகளும்.

பிறகு, அதில் உங்களைப் பிடித்து நிறுத்துவது எது என்று பாருங்கள். எனக்கு அது அதிரசம் இல்லை. அம்மா ஒவ்வொரு வருடமும் ஒரு தட்டைக் கூடுதலாக வைப்பார். “புதுசா யாராச்சும் குடிவந்திருப்பாங்கடா, போய்ப் பாத்துட்டு வா” என்று என்னை அனுப்புவார். நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி ஊர் விட்டு ஊர் வந்து, சத்திரத்தில் இடமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டாள் என்பதுதான் அந்தப் பண்டிகையின் கதை. நடந்ததோ இல்லையோ, அந்த ஒரு காட்சியை நம்புவதற்கு எனக்கு இன்றைக்கும் சிரமம் இல்லை. ஆகவே நான் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான்: டிசம்பரில் யாருக்காவது இடம் கொடுப்பது.

உங்களுக்கு வேறு ஏதாவது வரலாம்: பாட்டு, விளக்கு, பிரிந்த அண்ணனிடம் பேசுவது. எதுவானாலும் ஒன்றோடு நிறுத்துங்கள். முதல் வருடமே ஐந்து காரியம் திட்டம் போட்டவர்கள் டிசம்பர் 20-க்குள் களைத்துப்போய் கைவிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

## 2. தேதி, டிக்கெட், பணம்

குழந்தைகள் இல்லம், முதியோர் இல்லம் என்று எங்காவது போவதானால் டிசம்பர் 25-ஐ விட்டுவிடுங்கள் என்பதுதான் என் முதல் யோசனை. அன்றைக்கு எல்லோரும் எல்லா இடத்துக்கும் போகிறார்கள். அரையாண்டுத் தேர்வு விடுமுறையும் சேர்ந்துகொள்ளும். 27-லிருந்து ஜனவரி 10 வரை இல்லங்களுக்கு வருகிறவர்கள் குறைவு. பொங்கல் வேலை தொடங்குவதற்கு முன்னால் கிடைக்கும் அந்த இரண்டு வாரம் உங்களுக்கு வசதி. 25-ஐ வீட்டுக்கும் தெருவுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னை, பெங்களூரிலிருந்து வருகிறவர்கள் ரயில் டிக்கெட்டை மறக்கக்கூடாது. முன்பதிவு இப்போது பயண நாளைச் சேர்க்காமல் 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன்பு இருந்த 120 நாள் கணக்கு மனதில் இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். டிசம்பர் 23 பயணத்துக்கு அக்டோபர் 24 காலை 8 மணிக்கு உட்கார வேண்டும். பாண்டியனும் வைகையும் கிறிஸ்துமஸ் வாரத்தில் எவ்வளவு வேகமாக நிறையும் என்று உங்களுக்கே தெரியும்.

பணம்: போன வருடம் எனக்கு எல்லாம் சேர்த்து ஐயாயிரத்துச் சொச்சம் ஆனது. அதில் பெரும்பகுதி இல்லத்துச் சாப்பாட்டுக்கு. இரண்டாம் வருடம் தப்பாகச் செய்தபோது ஆனது 11,000. பணம் கூடினால் அர்த்தம் கூடாது என்பதை அந்த வருடம்தான் நேரில் கண்டேன்.

## 3. இல்லத்துக்குப் போவதென்றால்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அதிகமானோர் சறுக்குகிற இடம் இதுதான்.

நான் செய்த தப்பு இது. டிசம்பர் 25 மதியம், யாரிடமும் முன்கூட்டிக் கேட்காமல், 60 பிரியாணிப் பொட்டலங்களோடு ஊருக்கு வெளியே இருந்த ஒரு குழந்தைகள் இல்லத்துக்குப் போனேன். வாசலில் எனக்கு முன்னால் இரண்டு வேன். உள்ளே பிள்ளைகள் காலையிலிருந்து மூன்றாவது கூட்டத்துக்காக அதே டான்ஸை ஆடிக்கொண்டிருந்தார்கள். வராந்தாவில் ஏற்கெனவே வந்த பிரியாணி வாளி வாளியாக ஆறிக்கொண்டிருந்தது. ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் என்னைப் பார்த்ததும் சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தான். “அண்ணே, நீங்களும் போட்டோ எடுப்பீங்களா? வரிசையா நிக்கணுமா, உக்காரணுமா?” என்று கேட்டான். தலையில் யாரோ வைத்துவிட்ட சிவப்புத் தொப்பி நெற்றிவரை இறங்கியிருந்தது. வெயிலில் வேர்த்து, தொப்பி ஓரத்தில் அவனுக்குத் தடித்துப்போயிருந்தது. தொப்பியைக் கழற்றிவிட்டு, “எங்கேயும் நிக்க வேணாம்டா, போய் விளையாடு” என்றேன். அவன் நம்பாமல் வார்டனைத் திரும்பிப் பார்த்தான்.

பொட்டலங்களை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். பாதி வீணாகியிருக்கும். அந்தப் பார்வை எனக்கு இன்னும் போகவில்லை.

ஆகவே இந்த வரிசையில் செய்யுங்கள்.

டிசம்பர் முதல் வாரம்: நேரில் போய்க் கேளுங்கள். வெறுங்கையோடு போங்கள். அலுவலக நேரத்தில், வேலைநாளில். பொறுப்பில் இருக்கும் சிஸ்டரையோ வார்டனையோ பார்த்து, “உங்களுக்கு எது தேவை, எந்தத் தேதி காலியா இருக்கு?” என்று இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள். வரும் பதில் உங்களை ஆச்சரியப்படுத்தும். நான் இப்போது போகும் இல்லத்தில் முதல் தடவை கேட்டபோது அந்த சிஸ்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “தம்பி, கேக்கு நிறைய வந்துரும். செருப்புதான் யாரும் தர்றதில்லை” என்றார். நாற்பது பிள்ளைகளின் கால் அளவையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

பதிவுச் சான்றிதழைப் பாருங்கள். குழந்தைகள் இல்லம் எதுவாக இருந்தாலும் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். நல்ல இல்லங்களில் அலுவலக அறைச் சுவரிலேயே மாட்டியிருப்பார்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். காட்டத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள். சந்தேகம் இருந்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரிக்கலாம். ஒரு பிள்ளைக்கு ஏதோ சரியில்லை என்று கண்ணில் பட்டால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு போன் செய்யுங்கள். செலவில்லை, எந்த நேரமும் எடுப்பார்கள்.

உங்கள் பக்கத்து ஆவணங்கள். ஆதார் நகல் ஒன்று. உங்கள் பெயர், முகவரி, கூட வருகிறவர்கள் பெயர், வரும் தேதி, நேரம் எழுதிய ஒரு பக்கக் கடிதம். பெரும்பாலும் இவ்வளவுதான். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவார்கள். இதையெல்லாம் கேட்காமல் நேராக உள்ளே விடுகிற இடம் எனக்குப் பயத்தைத் தருகிறது. உங்களைக் கேட்காமல் விடுகிறவர்கள் வேறு யாரை வேண்டுமானாலும் விடுவார்கள்.

போட்டோ கூடாது. பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளிப்படுத்துவது அதே சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கும் விதிவிலக்கு கிடையாது. நான் போகும்போது போனை பைக் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவேன். சட்டத்துக்காக மட்டும் இல்லை, அந்தப் பையனுக்காகவும்.

சாப்பாட்டை வெளியிலிருந்து கொண்டுபோகாதீர்கள். வீட்டுச் சமையலைப் பல இல்லங்கள் வாங்குவதே இல்லை. யாருக்காவது வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் பொறுப்பு அவர்களுடையது. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கான பணத்தை அலுவலகத்தில் கட்டினால் அவர்கள் சமையலறையிலேயே செய்துவிடுவார்கள். போன வருடம் நாற்பது பேருக்கு, முட்டையும் பாயசமும் சேர்த்து, 3,200 ரூபாய் கட்டினேன். பந்தியில் உட்கார்ந்து நானும் சாப்பிட்டேன். பரிமாறுவதைவிடப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது நல்லது. பிள்ளைகள் அப்போதுதான் பேசுகிறார்கள்.

பணம் கட்டும்போது. தனி ஆள் பெயரில் இருக்கும் கணக்குக்கோ, யாருடைய சொந்த போன் நம்பருக்கோ ஜிபேயில் அனுப்பாதீர்கள். டிரஸ்ட் அல்லது சங்கத்தின் பெயரில் இருக்கும் வங்கிக் கணக்குக்கு மட்டும். ரசீதை அங்கேயே வாங்கிவிடுங்கள். வருமான வரிக் கழிவு வேண்டும் என்றால், ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கணக்கில் வராது. அரிசி, செருப்பு என்று பொருளாகக் கொடுத்தாலும் வராது. புதிய வரித் திட்டத்தில் இருப்பவர்களுக்கு நன்கொடைக்கான இந்தக் கழிவே கிடையாது. பழைய திட்டத்தில் இருந்தால் பான் எண்ணைக் கொடுத்து வையுங்கள், சான்றிதழ் அந்த எண்ணில்தான் வரும்.

முதியோர் இல்லத்துக்கும் இதே வரிசைதான். அங்கே நேரம் மட்டும் வேறு: மதியம் இரண்டிலிருந்து நாலு வரை தூங்குவார்கள், அப்போது போய் எழுப்பாதீர்கள். பத்தரை மணிக்குப் போங்கள். கொண்டுபோக வேண்டியது பேச்சுத்தான். எந்த ஊர், கல்யாணத்துக்கு முன்னால் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டால் போதும். உசிலம்பட்டிப் பக்கத்து அப்பத்தா ஒருவர் என்னிடம் ஒன்றரை மணி நேரம் அவர் ஊர் வாரச்சந்தையைப் பற்றிச் சொன்னார். பாயசத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

## 4. பெரியாஸ்பத்திரியில் ரத்தம்

பணம் இல்லாதவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். கோரிப்பாளையம் அரசு இராசாசி மருத்துவமனையில் ரத்த வங்கி இருக்கிறது. வழக்கமாக முகாம்களில் வரிசையில் நிற்பவர்கள் கல்லூரிப் பிள்ளைகள். டிசம்பர் கடைசியில் அவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். விபத்தும் பிரசவமும் விடுமுறை பார்ப்பதில்லை. சேமித்த ரத்தச் சிவப்பணுக்கள் 35-லிருந்து 42 நாள் வரை தாங்கும். தட்டணுக்கள் (பிளேட்லெட்) ஐந்தே நாள்தான். நவம்பரில் கொடுத்த தட்டணு கிறிஸ்துமஸுக்கு உதவாது. அந்த வாரத்தில் யாராவது வந்துதான் ஆகவேண்டும்.

தகுதி: 18 வயதுக்கு மேல், எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் குறைந்தது 12.5. ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறை, பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறை கொடுக்கலாம். கடந்த 12 மாதத்துக்குள் பச்சை குத்தியிருந்தாலோ, இப்போது காய்ச்சல், மாத்திரை என்று இருந்தாலோ திருப்பி அனுப்புவார்கள். மருத்துவர் கேட்கும் கேள்விகளுக்கு மறைக்காமல் பதில் சொல்லுங்கள். அந்த ரத்தம் இன்னொருவர் உடம்புக்குள் போகிறது.

ஆவணம்: ஆதார் அட்டை போதும். செலவு: ஒன்றும் இல்லை. நேரம்: படிவம், சோதனை, ஓய்வு எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், ரத்தம் எடுப்பது பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வெறும் வயிற்றில் போகாதீர்கள். காலையில் நான்கு இட்லியாவது உள்ளே போயிருக்க வேண்டும். முந்தின ராத்திரி நன்றாகத் தூங்குங்கள், குடிக்கிற பழக்கம் இருந்தால் அன்றைக்கு வேண்டாம். நள்ளிரவு ஆராதனைக்குப் போய்க் கண் விழித்துவிட்டு மறுநாள் காலை ரத்தம் கொடுக்கப் போன என் நண்பன் நாற்காலியிலேயே மயங்கிச் சாய்ந்தான். 26-க்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். விடுமுறை நாளில் எந்த நேரத்துக்கு எடுப்பார்கள் என்று முந்தின நாள் கேட்டுக்கொள்வது நல்லது.

ஆஸ்பத்திரிக்குப் போனால் இன்னொன்றும் கண்ணில் படும். ராமநாதபுரம், தேனி, விருதுநகர்ப் பக்கமிருந்து நோயாளியோடு வந்தவர்கள் வராந்தாவிலும் மரத்தடியிலும் துண்டை விரித்துப் படுத்திருப்பார்கள். மார்கழிப் பனி மதுரையில் விடிகாலை மூன்று மணிக்கு மேல்தான் தெரியும். சத்திரத்தில் இடமில்லாத கதையை நான் அங்கேதான் பார்க்கிறேன். வார்டுக்குள் அனுமதி இல்லாமல் சாப்பாடோ பொருளோ கொண்டுபோகக் கூடாது. வேண்டுமென்றால் நிலைய மருத்துவ அலுவலரிடம் எழுதிக் கேளுங்கள். வெளியே படுத்திருப்பவருக்கு ஒரு ஜமுக்காளமோ போர்வையோ கொடுக்க யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் தூங்குகிறவர்மேல் போட்டுவிட்டு ஓடிவராதீர்கள். சாயங்காலம் ஏழு மணிக்குப் போய், “எந்த ஊருண்ணே, யாரைச் சேத்துருக்கீங்க?” என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். பாதிப்பேருக்குப் போர்வையைவிட அந்தக் கேள்விதான் தேவையாக இருக்கிறது.

## 5. நம்பிக்கை இல்லாமல் சர்ச்சுக்குப் போகலாமா?

தாராளமாகப் போகலாம். மதம் பார்த்து யாரும் வாசலில் நிறுத்த மாட்டார்கள். நான் இரண்டு வருடமாகப் பின்வரிசையில் போய் உட்கார்கிறேன், பாட்டுக்காக.

கீழவெளி வீதிப் புனித மரியன்னை பேராலயத்தில் 24 ராத்திரித் திருப்பலிக்கு நல்ல கூட்டம் இருக்கும். சரியான நேரத்தை முந்தின ஞாயிற்றுக்கிழமை அறிவிப்புப் பலகையில் பார்த்துவிடுங்கள். முக்கால் மணி நேரம் முன்னால் போனால் உட்கார இடம் கிடைக்கும். வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து போங்கள். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கோயில்களில் விடிகாலை ஆராதனை விசேஷம். நரிமேடு கதீட்ரலுக்கு அம்மாவோடு இருட்டில் நடந்து போனது என் காலுக்கு இன்னும் நினைவிருக்கிறது. கூட்டம் வேண்டாம் என்பவர்கள் வேறொரு நாள் மானாமதுரைச் சாலையில் இடைக்காட்டூர்த் திரு இருதய ஆலயத்துக்குப் போங்கள், மதுரையிலிருந்து 36 கிலோமீட்டர். வயல்வெளி நடுவே நிற்கும் அந்தக் கோபுரத்தின் அடியில் மதியம் சும்மா உட்கார்ந்திருக்கலாம்.

மறக்கக்கூடாதது ஒன்று. கத்தோலிக்கக் கோயிலில் நற்கருணை என்ற அப்பத்தை வாங்க எல்லோரும் எழுந்து வரிசையில் போவார்கள். பிரசாதம் என்று நினைத்து நீங்களும் போய்விடாதீர்கள். அது திருமுழுக்குப் பெற்றுத் தயாரானவர்களுக்கு மட்டும். சி.எஸ்.ஐ.-யில் திருவிருந்தும் அப்படித்தான். இடத்திலேயே அமைதியாக உட்கார்ந்திருந்தால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். செருப்பை மற்றவர்கள் எங்கே விடுகிறார்களோ அங்கே விடுங்கள். காணிக்கைப் பை வந்தால் போடலாம், போடாமலும் அனுப்பலாம். முழங்காலிடும்போது நீங்கள் நிற்கவோ உட்காரவோ செய்யலாம். போனில் வீடியோ மட்டும் எடுக்காதீர்கள், உங்களுக்குக் காட்சியாக இருப்பது பக்கத்தில் இருப்பவருக்கு ஜெபம்.

## 6. தட்டு

எனக்கு மிகவும் பிடித்த படி. அம்மாவின் கணக்கை அப்படியே தருகிறேன்.

அதிரசத்துக்கு மாவு புளிக்க நாள் வேண்டும் என்பதால் 20-ஆம் தேதியே ஆரம்பிக்க வேண்டும். மாவுப் பச்சரிசி ஒரு கிலோ, இரண்டு மணி நேரம் ஊறவைத்து வடித்து, நிழலில் துணியில் பரப்புங்கள். கையில் அள்ளினால் ஈரம் ஒட்ட வேண்டும், சொட்டக் கூடாது. அந்தப் பதத்தில் மில்லில் கொடுத்து அரையுங்கள். மிளகாய் அரைத்த கையோடு உங்கள் மாவைப் போட்டுவிடுவார்கள், பார்த்து நில்லுங்கள். வெல்லம் முக்கால் கிலோ. பாகு காய்ந்ததும் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டினால் உருள வேண்டும், கல்லாகக் கூடாது. அங்கேதான் எல்லாம் இருக்கிறது. பாகு முற்றினால் அதிரசம் வட்டு வட்டாகக் கல் மாதிரி வரும். இளகலாக இருந்தால் எண்ணெயில் பிரிந்துபோகும். ஏலக்காயும் சுக்கும் தட்டிப் போட்டு, மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக் கிளறி, மேலே நெய் தடவி மூன்று நாள் மூடி வையுங்கள். 23 ராத்திரி சிறுதீயில் சுட்டு, இரண்டு கரண்டிக்கு நடுவே அமுக்கி எண்ணெயை வடியுங்கள். ஐம்பது, அறுபது வரும். எண்ணெயோடு சேர்த்து 400 ரூபாய்க்குள் முடிந்தது எனக்கு. முதல் தடவை எனக்குப் பாகு முற்றிவிட்டது. இரண்டாம் தடவை பக்கத்து வீட்டு அத்தை அடுப்புப் பக்கத்திலேயே நின்று, “இப்ப எறக்கு” என்றார். தெரிந்தவர் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். அதுவே ஒரு சாயங்காலம் பேச்சாகிவிடும்.

சுடத் தெரியாவிட்டால் வாங்குங்கள், அதில் குறை ஒன்றும் இல்லை. தட்டு யாருக்குப் போகிறது என்பதுதான் முக்கியம். தெரிந்த வீடுகளுக்கு நான்கு. தெரியாத வீட்டுக்கு ஒன்று: மேல்மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர், அபார்ட்மெண்ட் வாட்ச்மேன், கட்டட வேலைக்கு வந்து தகரக் கொட்டகையில் இருக்கும் வடநாட்டுப் பிள்ளைகள். முட்டை கலந்த கேக்கைச் சைவ வீட்டுக்கு அனுப்பாதீர்கள். மார்கழியில் விரதம் இருப்பவர்கள் உண்டு, கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

தட்டை வெறுமனே திருப்பித் தரக் கூடாது என்று நம் ஊரில் பழக்கம். ஒருமுறை பரங்கிப்பூ வைத்த கோலத்தின் ஓரமாக நடந்து போய், புதிதாக வந்த ஐயர் வீட்டில் தட்டைக் கொடுத்தேன். அந்த மாமி உள்ளே போய்க் கொஞ்சநேரம் வரவில்லை. வெளியே வந்தபோது தட்டில் ஒரு பிடி சர்க்கரையும் இரண்டு எலுமிச்சம்பழமும் இருந்தன. “நேத்துதான் வந்தோம், வீட்டுல வேற ஒண்ணும் இல்லப்பா” என்றார். அந்த எலுமிச்சம்பழத்தைப் பிழிய மனம் வராமல் பொங்கல்வரை ஃபிரிட்ஜில் வைத்திருந்தேன்.

## 7. 25 மதியம், ஒரு நாற்காலி

வீட்டில் சமைப்பது எதுவானாலும் ஒருவருக்குக் கூடுதலாகச் சமையுங்கள். யாரைக் கூப்பிடுவது? ஊருக்குப் போக முடியாத ஹாஸ்டல் மாணவர், மனைவியை இழந்த பழைய சக ஊழியர், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் தெருக்கோடிப் பெரியவர். ஒரு வாரம் முன்னால் நேரில் போய்க் கூப்பிடுங்கள். முந்தின நாள் போனில் கூப்பிட்டால் உபசாரம் என்று நினைத்து “பரவாயில்ல தம்பி” என்று சொல்லிவிடுவார்கள். பெரியவராக இருந்தால் நீங்களே போய்க் கூட்டி வந்து திரும்பக் கொண்டுபோய் விடுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருக்கிறதா என்று அவரிடம் கேட்டுச் சமையுங்கள். அவருக்கு உதவி தேவைப்படும் நிலை என்று தெரிந்தால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணை ஒரு தாளில் பெரிதாக எழுதி அவர் வீட்டுச் சுவரில் ஒட்டிவிட்டு வாருங்கள். காலை 8-லிருந்து இரவு 8 வரை பேசலாம்.

துக்கத்தில் இருக்கும் வீட்டைத் தவிர்த்துவிட்டுப் போகாதீர்கள். கேட்டுவிட்டு, சரி என்றால் வாசலில் நின்று ஒரு பாட்டுப் பாடுங்கள். எங்கள் தெருவில் கேரல் பிள்ளைகளிடம் நானே இதைச் சொல்லியிருக்கிறேன்.

## 8. ஜனவரிக்குப் பிறகு

ரசீதுகளை ஒரு உறையில் போடுங்கள். வரிக் கழிவுக்கான நன்கொடைச் சான்றிதழை இல்லத்தார் மே 31-க்குள் தர வேண்டும். ஏப்ரல் முடிந்ததும் ஒருமுறை ஞாபகப்படுத்துங்கள். ரத்தம் கொடுத்த தேதியை நோட்டில் குறித்து, அடுத்து எப்போது கொடுக்கலாம் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். டிசம்பர் 27-க்குக் கொடுத்த ஆண் மார்ச் கடைசியில் திரும்பப் போகலாம்.

இல்லத்துக்கு அடுத்து எப்போது வருகிறீர்கள் என்று கிளம்பும்போதே சிஸ்டரிடம் ஒரு தேதி சொல்லிவிட்டு வாருங்கள், ஜூனில் பள்ளி திறக்கும் வாரம் என்றாலும் சரி. பிள்ளைகளிடம் நேரடியாகச் சொல்லாதீர்கள். நீங்கள் வர முடியாமல் போனால் அவர்கள் கணக்கு வைத்திருப்பார்கள்.

போகும்போது டிசம்பரில் வாங்கிய கால் அளவுத் தாளை நம்பிச் செருப்பு வாங்கிவிடாதீர்கள். ஆறு மாதத்தில் பிள்ளைகளின் கால் வளர்ந்திருக்கும். திரும்ப ஒருமுறை அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.